சேலத்துக்கு வரும் கடல் மீனில் பாதரசம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் எங்கேயோ இருக்கிறது. சேலத்தில் இருக்கும் நமக்கு எதற்கு இந்தக் கவலை?

சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நின்று பார்த்தால் தெரியும். கிழக்குக் கரை, கேரளக் கரை என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஐஸ் பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கடற்கரைக்காரர்கள் சாப்பிடும் அதே மீனைத்தான் நாமும் சாப்பிடுகிறோம், சற்றுத் தாமதமாக.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. நிலக்கரியில் மிகச் சிறிய அளவில் பாதரசம் உண்டு. எரிக்கும்போது அது ஆவியாகிப் புகையோடு மேலே போகிறது, காற்றில் கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்து, மழையோடு கடலில் விழுகிறது. மேட்டூரானாலும் சீனாவானாலும் அனல் மின் நிலையம் இருக்கும் இடமெல்லாம் இதுதான் நடக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி, 2015ல் மனிதச் செயல்களால் மட்டும் சுமார் 2,200 டன் பாதரசம் காற்றில் கலந்தது. அதில் பெரிய பங்கு, கிட்டத்தட்ட 38 விழுக்காடு, பாதரசத்தைக் கொண்டு தங்கம் பிரிக்கும் சிறு சுரங்கங்களுடையது. அடுத்த இடம் நிலக்கரிக்கு.

ஆழ்கடல் மீன் என்று கடைக்காரர் சொல்வது எதை?

கடைக்காரர் சொல்வது வேறு, விஞ்ஞானிகள் சொல்வது வேறு. கரையைத் தாண்டி நாள்கணக்கில் தங்கிப் பிடித்து வரும் சூரை, சுறா, மயில் மீன், பெரிய வஞ்சிரம் எல்லாம் கடைப் பேச்சில் ஆழ்கடல் மீன்தான். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து மீனவர்கள் இந்த வேட்டைக்குப் பேர் போனவர்கள். விஞ்ஞானத்தில் 200 மீட்டருக்குக் கீழே, வெளிச்சம் குறையத் தொடங்கும் இடத்திலிருந்துதான் ஆழ்கடல். அங்கேயே வாழும் மீன் சேலத்துக்கு அநேகமாக வருவதில்லை. ஆனால் அங்கே இறங்கி இரை தேடுகிற மீன்கள் வருகின்றன. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கும்?

அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். 2017ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பசிபிக் கடலின் மரியானா அகழியில், சுமார் 10 கிலோமீட்டர் ஆழத்தில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்களைப் பிடித்துச் சோதித்தார்கள். அவற்றின் உடலில் பி.சி.பி. என்ற தொழிற்சாலை ரசாயனம் ஏராளமாக இருந்தது. சீனாவில் மிகவும் மாசுபட்ட லியாவோ ஆற்றுத் தண்ணீர் பாயும் வயல்களின் நண்டுகளில் இருந்ததைவிடச் சுமார் 50 மடங்கு. அமெரிக்காவில் 1979லேயே தடை செய்யப்பட்ட பொருள் அது. மேலே செத்து விழுவதெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் அகழி. போனது திரும்பி வராது.

பாதரசத்தின் கதை கொஞ்சம் வேறு. கடலில் விழும் பாதரசம் அப்படியே இருந்தால் மீன் உடம்பில் இவ்வளவு ஏறாது. ஆக்சிஜன் குறைந்த நடு ஆழங்களில் அது மெத்தில் பாதரசமாக மாறுகிறது. நுண்ணுயிர்கள் செய்யும் வேலை இது. இந்த வடிவம் உயிர்களின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் வெளியேறாது. மிதவை உயிரைச் சிறு மீன் தின்கிறது, அதை நடுத்தர மீன், அதைப் பெரிய மீன். ஒவ்வொரு படியிலும் வட்டிக்கு வட்டி போல ஏறிக்கொண்டே போகும். 2009ல் ஹவாயைச் சுற்றிய கடலில் செய்த ஆய்வு ஒன்று, ஆழமாக இறங்கி இரை பிடிக்கும் மீன்களில் பாதரசம் அதிகம் என்று காட்டியது. மேல்மட்டத்தில் மேயும் மீன்களில் அது குறைவாகவே இருந்தது.

ஆகவே ஒரு மீனைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை மூன்று: எவ்வளவு பெரியது, எத்தனை வருடம் வாழ்ந்தது, எதைத் தின்றது.

எந்த மீனில் எவ்வளவு இருக்கும்?

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல ஆண்டுகளாகச் சோதித்து வெளியிட்ட சராசரிகள் இவை. எல்லாம் ஒரு கிலோ மீனில் உள்ள பாதரசம், மில்லிகிராமில். சுறா 0.98. வாள்மீன் 0.99. பெருங்கண் சூரை 0.69. மஞ்சள் துடுப்புச் சூரை, அதாவது கேரை, 0.35. வரிச் சூரை 0.14. மத்தி 0.013. நெத்திலி 0.016. இறால் 0.009. ஜிலேபி 0.013.

அது அமெரிக்கச் சந்தை. நம் கரையில் எண்கள் கொஞ்சம் மாறலாம். ஆனால் வரிசை மாறாது, ஏனென்றால் மீனின் அளவும் இரையும் வயதும்தான் அந்த வரிசையைத் தீர்மானிக்கின்றன. சுறாவுக்கும் மத்திக்கும் இடையே 70 மடங்குக்கு மேல் வித்தியாசம். மீனில் பாதரசம் இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் பயன் தரும் பதில் கிடைக்காது. எந்த மீன் என்று கேட்க வேண்டும்.

அப்படியானால் வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடலாம்?

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். வயிற்றில் வளரும் குழந்தையைக் காப்பாற்றுவதற்காக வைத்த வரம்பு இது. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு வாரத்துக்கு 96 மைக்ரோகிராம் வருகிறது.

இதை மீனாக மாற்றிப் பாருங்கள். சுறாவில் 100 கிராமிலேயே அந்த வார ஒதுக்கீடு தீர்ந்துவிடும். வரிச் சூரை என்றால் 650 கிராம் வரை போகலாம். மத்தி என்றால் 7 கிலோவுக்கு மேல்! யாரும் வாரத்துக்கு 7 கிலோ மத்தி சாப்பிடப் போவதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் வரம்பு இதில் பாதிக்கும் குறைவு. அதை வைத்துக் கணக்குப் போட்டாலும் மத்தி 3 கிலோ தாண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா கொடுப்பது நம் வழக்கம். அதுவும் தப்பா?

எனக்கு மிக முக்கியமாகப் படுகிற கேள்வி இதுதான். அக்கறையோடு செய்கிற ஒரு காரியம் இது. பால் ஊறட்டும் என்று மாமியாரோ அம்மாவோ விடியற்காலையிலேயே ஆள் அனுப்பிச் சுறா வாங்கி, அவித்து, தோல் நீக்கி, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்து கொடுப்பார்கள். அந்த அக்கறையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உணவுத் துறைகள் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும் என்று பட்டியலிடும் மீன்களில் சுறா முன்வரிசையில் நிற்கிறது.

பால் சுறா என்பது ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடும் சிறிய இனம். பெரிய சுறாக்களைவிட அதில் பாதரசம் குறைவாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், மார்க்கெட்டில் தலை வெட்டித் துண்டு போட்ட பிறகு அது பால் சுறாவா வேறு பெரிய சுறாவின் குட்டியா பெரிய சுறாவேயா என்று நம்மால் சொல்ல முடியாது. தாய்ப்பால் வழியாகவும் கொஞ்சம் பாதரசம் குழந்தைக்குப் போகும். அதைவிட அதிகமாகப் போவது கர்ப்பத்தில், நஞ்சுக்கொடி வழியாக. குழந்தையின் மூளை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது, மெத்தில் பாதரசம் முதலில் தாக்குவதும் மூளையையும் நரம்பையும்தான்.

பால் ஊறுவதற்குத் தேவை போதுமான சாப்பாடு, தண்ணீர், ஓய்வு, குழந்தை அடிக்கடி வாய் வைப்பது. மீனின் புரதம் வேண்டுமா, மத்தியில் இருக்கிறது. குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு வேண்டுமா, அதுவும் மத்தியில் தாராளமாக இருக்கிறது. அதே புட்டை, அதே பூண்டும் மிளகும் போட்டு, முள் எடுத்த மத்தியிலோ அயிலையிலோ செய்து கொடுங்கள். பெரியவர்களிடம் இதைச் சொல்லும்போது உங்கள் வழக்கம் தவறு என்று தொடங்காதீர்கள். முன்னோர் காலத்துக் கடலில் இவ்வளவு பாதரசம் இல்லை என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. நிலக்கரிப் புகை ஏற ஏறக் கடலின் மேல்பகுதித் தண்ணீரில் பாதரசம் தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைப்போல் சுமார் மூன்று மடங்காகியிருக்கிறது.

வஞ்சிரம்?

விருந்தாளி வந்தால் வஞ்சிரம் வறுத்தால்தான் மரியாதை என்று ஆகிவிட்டது. அதன் நெருங்கிய உறவான அட்லாண்டிக் பெருங்கானாங்கெளுத்தியில் சராசரி கிலோவுக்கு 0.73 மில்லிகிராம் வருகிறது, அதே குடும்பத்தின் சிறிய இனங்களில் அதைவிடக் குறைவு. ஆகவே மாதத்தில் ஒன்றிரண்டு முறை ஆரோக்கியமான பெரியவர் சாப்பிடுவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கர்ப்பிணிக்கு மட்டும் பெரிய வஞ்சிரத்தின் வட்டத் துண்டு வேண்டாம். விலை கூடினால் சத்தும் கூடும் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த விஷயத்தில் மலிவான மத்தியே மேல்.

மஞ்சள் போட்டுக் கழுவி, புளி ஊற்றிக் கொதிக்க வைத்தால் போய்விடாதா?

போகாது. மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. மஞ்சள், கல் உப்பு, எலுமிச்சை, புளி எதுவும் அதைப் பிரிக்காது. வறுத்தால் மீனில் உள்ள தண்ணீர் வற்றி, கிராமுக்கு உள்ள அளவு கொஞ்சம் கூடவே செய்யும். தோலை உரித்தாலும் பயனில்லை.

பாதரசத்தைத் தவிர வேறு என்ன இருக்கும்?

பி.சி.பி., டயாக்சின், டி.டி.டி. போன்றவை கொழுப்பில் தங்குபவை. இவற்றுக்குத் தோலையும் வயிற்றுப் பக்கக் கொழுப்பையும் நீக்கினால் கொஞ்சம் குறையும். குழம்பைவிட, கொழுப்பு சொட்டும்படி சுடுவது நல்லது. காட்மியம் என்ற நச்சு உலோகம் கணவாயின் குடலிலும் நண்டின் ஈரல் பகுதியிலும் சேர்கிறது, அவற்றைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். ஆர்சனிக் என்ற பெயரைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். கடல் மீனில் அது பெரும்பாலும் உடம்பில் தங்காமல் வெளியேறும் வடிவத்தில்தான் இருக்கிறது. நெல் வயல் தண்ணீரில் வரும் ஆர்சனிக் வேறு, இது வேறு.

கருவாட்டில் கூடுதலா?

காய்ந்தால் தண்ணீர் போய்விடுகிறது, பாதரசம் போவதில்லை. அதனால் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் கூடும். ஆனால் யாரும் கருவாட்டை மீன் அளவுக்குத் தின்பதில்லை. நெத்திலிக் கருவாடு தாராளமாகச் சாப்பிடலாம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைத்தான் பார்க்க வேண்டும். சுறாக் கருவாட்டுக்கு மேலே சுறாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும்.

ஃபார்மலின் பயம்தான் எங்களுக்கு அதிகம். அது பற்றி?

நியாயமான பயம். ஃபார்மலின் என்பது பிணங்களைக் கெடாமல் வைக்கப் பயன்படுத்தும் ரசாயனம். 2018ல் கேரளச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. கடலிலிருந்து தூரமுள்ள ஊர்களுக்கு, முக்கியமாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் தடைக்காலம் நடக்கும்போது, பழைய மீனைப் புதிதாகக் காட்டும் ஆசை சில வியாபாரிகளுக்கு வரும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைக் கண்டுபிடிக்கக் காகிதப் பட்டைச் சோதனை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கண் குழிந்து மங்கியிருக்க, உடம்பு மட்டும் விறைப்பாக, மீன் வாசனையே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். வாங்காமல் வந்துவிட்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் சொல்லுங்கள். சுறாவில் அடிக்கும் அமோனியா வாடையைப் பலர் ரசாயனம் என்று நினைக்கிறார்கள். அது அதன் உடம்பிலேயே உள்ள யூரியா சிதைவதால் வருவது. பழையதாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஆனால் சேலத்தில் வாழ்பவருக்கு, உடனே படுக்க வைக்கக்கூடிய ஆபத்து என்று பார்த்தால் மீன் கெடும்போது உருவாகும் ஹிஸ்டமின் என்ற பொருளைத்தான் நான் முதலில் சொல்வேன். அயிலை, சூரை, மத்தி இவை ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே பாக்டீரியா அதை உருவாக்கிவிடும். சமைத்தாலும் அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு எழும்பும். ஒவ்வாமை என்று நினைத்துவிடுவார்கள். நான் மேலே இவ்வளவு புகழ்ந்த மத்திக்கும் இது பொருந்தும் என்பதால் சொல்கிறேன்: ஐஸில் புதைந்து கிடக்கும் மத்தியை மட்டும் வாங்குங்கள். வாங்கிக்கொண்டு ஏற்காடு மலையேறுபவர்கள், ஆத்தூர் வரை போகிறவர்கள், கடைக்காரரிடமே ஐஸ் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மேட்டூர் அணை மீன் சாப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லையே?

பாதரசத்தைப் பொறுத்தவரை கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி எல்லாம் நல்ல தேர்வு. பாசியும் மிதவை உயிரும் மக்கிய பொருளும் தின்று சீக்கிரம் வளர்பவை. பெரிய வாளை மீன் வேட்டைக்காரன், அதைத் தினசரி வழக்கமாக்க வேண்டாம். ஆற்றில் தொழிற்சாலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் இடத்தில் தூண்டில் போட்டுப் பிடித்த மீன் எந்த இனமானாலும் வேண்டாம். ஒமேகா-3 என்று பார்த்தால் கடல் மத்திக்கு ஆற்று மீன் ஈடாகாது. இரண்டையும் மாற்றி மாற்றி வாங்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

டின்னில் வரும் சூரை?

வரிச் சூரை என்றால் வாரம் ஒரு முறை பரவாயில்லை. வெள்ளைச் சூரை என்று வருவதில் அதைப்போல் மூன்று மடங்கு பாதரசம்.

மீன் எண்ணெய் மாத்திரையில்?

பாதரசம் புரதத்தோடு ஒட்டுவது, எண்ணெயோடு அல்ல. சுத்திகரித்த மாத்திரையில் அது மிகக் குறைவு. கர்ப்பிணிகள் மீன் ஈரல் எண்ணெயை மட்டும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, அதில் வைட்டமின் ஏ அதிகம்.

குழந்தைகளுக்கு எவ்வளவு?

வாரம் இரண்டு முறை, பாதரசம் குறைந்த மீன். ஒரு முறைக்கு, 1 முதல் 3 வயது வரை சுமார் 30 கிராம், 4 முதல் 7 வயதுக்கு 55 கிராம், 8 முதல் 10 வயதுக்கு 85 கிராம். முள் பயத்தில் அம்மாக்கள் சுறாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முள் இல்லை என்ற வசதிக்காகக் கொடுக்கும் விலை பெரிது. நெத்திலியைத் தலை கிள்ளி, நடுமுள்ளை இழுத்துப் பழகிவிட்டால் சுலபம்.

மினமாட்டா போல நமக்கும் வந்துவிடுமா?

ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலை நேரடியாக மெத்தில் பாதரசக் கழிவைக் கொட்டியது. 1956ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, பார்வை சுருங்கி மக்கள் செத்தார்கள், தாய்க்கு ஒன்றும் தெரியாமலே குழந்தைகள் பாதிக்கப்பட்டுப் பிறந்தார்கள். அங்கே மீனில் இருந்த அளவு நம் சந்தை மீனோடு ஒப்பிடவே முடியாத உயரம். வார மீன் குழம்பால் அது வராது. அந்த ஊரின் பெயரில்தான் 2013ல் பாதரச உடன்படிக்கை உருவாகி 2017ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. நம் மாநிலத்துக்கு இது அந்நியமான கதையும் அல்ல. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001ல் மூடப்பட்டது, மண்ணைச் சுத்தம் செய்யும் வழக்கு அதன் பிறகு பல ஆண்டு நீண்டது. மலையில் கொட்டுவது மலையோடு நிற்பதில்லை என்பதை ஏற்காட்டுக்காரர்களும் கவனத்தில் வைக்க வேண்டும்.

பேசாமல் மீனையே நிறுத்திவிட்டால்?

வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன். இரண்டு தீவுகளில் நடந்த ஆய்வுகளைப் பாருங்கள். ஃபாரோ தீவுகளில் பாதரசம் நிறைந்த திமிங்கில இறைச்சி சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளிடம், 7 வயதில், ஞாபகத்திலும் கவனத்திலும் மொழியிலும் சிறு பின்னடைவு தெரிந்தது. செஷல்ஸ் தீவில் தாய்மார் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வேளை சாதாரணக் கடல் மீன் சாப்பிட்டும் அங்கே அப்படித் தெளிவான பாதிப்பு தெரியவில்லை. மீனின் நல்ல கொழுப்பு தீமையை ஈடுகட்டியிருக்கலாம் என்கிறார்கள். கர்ப்பிணிகள்கூட வாரம் இரண்டு மூன்று வேளை பாதரசம் குறைந்த மீன் சாப்பிட வேண்டும் என்பதே இன்றைய அறிவுரை. மீனே சாப்பிடாத கர்ப்பிணியின் குழந்தைக்கும் இழப்பு உண்டு.

புரட்டாசியில் ஒரு மாதம் நிறுத்துகிறோமே, அதில் ஏதாவது குறையுமா?

குறையும். உடம்பில் உள்ள மெத்தில் பாதரசம் பாதியாகச் சுமார் 50 நாள் ஆகும். 30 நாள் மீன் இல்லாமல் இருந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியேறிவிடும். அதற்காக, புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறே பெரிய சுறாவில் தொடங்காதீர்கள்.

மாசமாக இருக்கும்போது தெரியாமல் சுறா சாப்பிட்டுவிட்டேன். என்ன செய்வது?

பதற வேண்டாம். வரம்பு என்பது வாரம்தோறும், தொடர்ந்து சாப்பிடுவதை வைத்துப் போட்டது. ஒன்றிரண்டு வேளையால் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்த சில வாரங்களுக்குப் பெரிய மீன் எதுவும் வேண்டாம், மத்தி, நெத்திலி, ரோகு, இறால் என்று மாறிக்கொள்ளுங்கள். பல மாதமாக வாரம் தவறாமல் சுறாவோ பெரிய சூரையோ சாப்பிட்டு வந்திருந்தால், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். இரத்தத்தில் பாதரசம் பார்க்கும் சோதனை இருக்கிறது, தேவை என்று பட்டால் அவர் எழுதிக் கொடுப்பார்.